பேட்ரிக் ரசல்

பேட்ரிக் ரசல் (இறப்பு: சூலை 2, 1805) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளையும் மீன்களையும் படங்களுடன் விரிவாகப் பதிவு செய்த முன்னோடி இவர். கண்ணாடி விரியன் ஆங்கிலத்தில் இவரது பெயராலேயே வழங்கப்படுகிறது.

அலெப்போவில்

எடின்பரோவில் பிறந்து மருத்துவம் பயின்ற ரசல், 1750-இல் சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராக இருந்த தமையன் அலெக்சாண்டரிடம் சென்றார். 1753-இல் அவருக்குப்பின் ஆங்கில வணிகர் குடியிருப்பின் மருத்துவரானார். 1760 முதல் 1762 வரை அந்நகரைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி இவர் எழுதிய நூல் 1791-இல் வெளிவந்தது.

இந்தியாவில்

1781-இல், விசாகப்பட்டினத்தில் நிருவாகப் பொறுப்பேற்ற சகோதரர் கிளாடுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கிழக்கிந்தியக் கும்பினியின் இயற்கையியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய யோகான் கோனிக் 1785-இல் இறந்ததால் அப்பதவி ரசலுக்குக் கிடைத்தது. செடிகொடிகளை ஆராய்வதே முதன்மையான கடமை; எனினும் பாம்புக்கடியால் நேர்ந்த இறப்புகள் இவரது கவனத்தை ஈர்த்தன.

பாம்பு ஆய்வுகள்

நச்சுப் பாம்பை நஞ்சற்றதிலிருந்து எளியவரும் பிரித்தறிய வழியுண்டா என்பதே ரசலின் கேள்வி. நிறம், செதில்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, அவை போதா எனக் கண்டார். வாயைத் திறந்து நச்சுப்பல் உள்ளதா என நோக்குவதே உறுதியான வழி என்பது இவரது முடிவு. உயிருள்ள பாம்பிடம் இச்சோதனை எளிதன்று என்பது வேறு. நாய்களையும் கோழிகளையும் கடிக்கச் செய்து நஞ்சின் விளைவுகளைக் குறித்துவைத்தார். அக்காலத்தில் பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்தார். பாடாணம் கலந்த அம்மருந்தை நிச்சயமான மாற்றுமருந்து என இவரால் ஏற்க இயலவில்லை.

தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு மண்ணுளிப் பாம்பு நல்ல சான்று. வால் மழுங்கித் தலைபோலவே இருப்பதால் மக்கள் இதனை இருதலை மணியன் என்பர். இரண்டு தலையும் இல்லை, நஞ்சும் இல்லை. தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த இப்பாம்பினை 1801-இல் ரசல் விவரித்து, அங்கிருந்த சமயப் பணியாளர் கிறித்தோப் சாமுவேல் யோன் நினைவாகப் பெயரிட்டார். மாறாக, ஆரணியிலிருந்து பெறப்பட்ட சுருட்டை விரியன் உருவத்தில் சிறியது. ஆனால் கொடிய நஞ்சுடையது. செருமானிய அறிஞர் ஷ்னைடர் 1801-இல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது ரசலின் படத்தையே அடிப்படையாகக் கொண்டார்.

நூல்கள்

இந்தியப் பாம்புகள் பற்றிய நூலின் முதற்பகுதி 1796-இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி 1801 முதல் 1809 வரை பிரிவுகளாக வெளிவந்தது. கடைசிப் பிரிவுகளைக் காண அவர் உயிருடன் இல்லை. பல பாம்புகளுக்கு அறிவியற்பெயரே இல்லாத காலமாதலால், கேட்டறிந்த தெலுங்குப் பெயர்களை அவ்வாறே எழுதினார். கட்டுவிரியன் பேரினத்தின் அறிவியற்பெயரான பங்காரசு, இவர் எழுதிய பங்காரும் என்ற சொல்லிலிருந்து வந்ததாகும். 1803-இல் விசாகப்பட்டினத்தின் 200 மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். சிறகுபோல் விரிந்த துடுப்புகளும் நச்சுமுட்களும் உடைய சிங்கமீன் இனமொன்று இவர் பெயரைத் தாங்குகிறது.

1804-இல், நாகம் விலா எலும்புகளால் படமெடுப்பதையும், சில விரியன்களின் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழியையும் பற்றி இலண்டன் அரச கழக இதழில் எழுதினார். வெப்பத்தை உணரும் உறுப்பு அது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிதுசிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து நச்சுமுறிமருந்து ஆக்கப்படுகிறது.