உங்கள் போனில் தெரியும் எழுத்துக்குள் ஒரு கார் இன்ஜினீயர்: பியர் பெசியே யார்?

இந்தக் கட்டுரையில் வரும் ஏதாவது ஒரு 'ஞ'வை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதானாலும் ஓரம் பிசிறடிக்காது. காரணம், அந்த எழுத்து போனில் ஒரு படமாக இல்லை. சில புள்ளிகளாகவும், அந்தப் புள்ளிகளுக்கு நடுவே கோடு எப்படி வளைய வேண்டும் என்ற கணக்காகவும் இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் போன் அதைப் புதுசாக வரைந்துகொள்கிறது.

அந்த வளைவின் பெயர் பெசியே வளைவு. இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ரெனால்ட் கார் கம்பெனியில் 42 வருஷம் வேலை பார்த்த மெக்கானிக்கல் இன்ஜினீயர்.

1910 செப்டம்பர் 1 அன்று பாரிஸில் பிறந்தவர் பியர் பெசியே. அப்பா, தாத்தா இருவருமே இன்ஜினீயர்கள். இவரும் மெக்கானிக்கல் முடித்து, மேலே எலெக்ட்ரிக்கலும் படித்துவிட்டு 1933-ல் ரெனால்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். திரும்பி வந்ததும், 4சிவி காரின் பாகங்களைக் கடகடவெனத் தயாரிக்கும் தானியங்கி இயந்திர வரிசைகளை வடிவமைத்தார். இதுவரை எந்தத் தொழிற்சாலையிலும் பார்க்கக்கூடிய ஒரு நல்ல இன்ஜினீயரின் வாழ்க்கைதான்.

50 வயதில் ஒரு புது வேலை

அந்தக் காலத்தில் காருக்கு உடம்பு செய்வது பெரிய தலைவலி. டிசைனர் களிமண்ணில் மாடல் செய்வார். அதை அளந்து முழு அளவில் வரைபடம் போடுவார்கள். வரைபடத்தைப் பார்த்து மரத்தில் மூல மாதிரி செதுக்குவார்கள். அதிலிருந்துதான் தகடு அழுத்தும் அச்சு. ஒவ்வொரு கை மாறும்போதும் வளைவு கொஞ்சம் நகரும். கடைசியில் கதவு பொருந்தவில்லை என்றால் யார் மேல் தப்பு? வரைபடம் ஒன்று சொல்லும், மர மாதிரி வேறொன்று சொல்லும். பஞ்சாயத்து தீராது.

யாரும் மறுக்க முடியாத ஒரே அளவுகோல் வேண்டும், அது எண்களாக இருக்க வேண்டும் என்று பெசியே நினைத்தார். 1960-ல், ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்கிற வயதில், இதில் முழுசாக இறங்கினார். கணக்கு தெரியாத டிசைனரும் பயன்படுத்தணும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இந்த வளைவு இவ்வளவு தூரம் வந்ததற்கு அதுதான் பெரிய காரணம் என்று சொல்லலாம்.

விஷயம் ரொம்ப சிம்பிள். நான்கு புள்ளிகள் வையுங்கள். முதல் புள்ளியில் வளைவு தொடங்கும், நான்காவதில் முடியும். நடுவில் உள்ள இரண்டும் காந்தம் மாதிரி கோட்டைத் தங்கள் பக்கம் இழுக்கும், ஆனால் பொதுவாகத் தொட விடாது. வடிவம் பிடிக்கவில்லையா? காந்தத்தை நகர்த்தினால் போதும். அதே எண்களை வாங்கிக்கொண்டு இயந்திரமே மாடலைச் செதுக்கிவிடும். இதை வைத்து அவர் உருவாக்கிய 'யூனிசர்ஃப்' சிஸ்டம் 1968-ல் ரெனால்டில் ஓட ஆரம்பித்தது.

ரகசியம் காத்த இன்னொரு கம்பெனி

ஆனால் இதே கணக்கை இன்னொருவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். போட்டி கம்பெனியான சிட்ரோயனில் 1958-ல் சேர்ந்த இளம் கணிதவியலாளர் பால் தெ காஸ்தெல்ஜோ. அவர் வழி இன்னும் அழகு. நான்கு புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் மூன்று கோடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. அந்த மூன்றை இணைத்து மறுபடி நடுப்புள்ளிகள், இப்போது இரண்டு. அவற்றின் நடுவில் வரும் ஒற்றைப் புள்ளி சரியாக வளைவின் மேல் உட்காரும். நடுவுக்குப் பதில் வேறு விகிதங்களில் பிரித்தால் மீதி வளைவும் கிடைத்துவிடும்.

சிட்ரோயன் இதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்தது. போட்டியாளர் காப்பியடிப்பார் என்ற பயம் கார் பிசினஸில் நியாயமானதுதான். ஆனால் பூட்டால் கணக்கைக் காப்பாற்ற முடியவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் தானாகவே அங்கே வந்து சேர்ந்துவிட்டார். பெசியே 1966 முதல் தன் முறையைப் பத்திரிகைகளில் வெளியிட்டார். உலகம் படித்தது அவரைத்தான், பெயரும் அவருக்கே போனது.

வெளியே வந்த கணக்கு கார் ஷெட்டிலேயே தங்கவில்லை. 1982-ல் தொடங்கிய அடோபி, 1984-ல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுத்துகளை வரைய இதே வளைவைப் பயன்படுத்தியது. ஆப்பிளின் ட்ரூடைப் ஃபான்ட்களில் இருப்பதும் இதன் எளிய வடிவம்தான். லோகோ வரைபவர்கள் பென் டூலில் இழுக்கும் அந்தக் கைப்பிடிகள் எல்லாம் பெசியேவின் காந்தங்களே.

1975-ல் ரெனால்டை விட்ட பெசியே, 1977-ல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1985-ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் பெரிய கௌரவமான கூன்ஸ் விருது வந்தது. கம்பெனியின் கொள்கையால் தெ காஸ்தெல்ஜோவுக்குச் சேர வேண்டிய புகழில் ஒரு பகுதி கிடைக்காமல் போனதை அவரே பின்னாளில் எழுதினார். 1999 நவம்பர் 25 அன்று, 89 வயதில் காலமானார்.

தெ காஸ்தெல்ஜோ 2022 வரை வாழ்ந்தார். வளைவு பெசியே பெயரில் இருக்கிறது. அதைத் திரையில் புள்ளி புள்ளியாக வரையும் அல்காரிதத்துக்கு தெ காஸ்தெல்ஜோ பெயர்.