பாகஸ்தர் பிரிந்தபோது: ஜான் ராக்பெல்லர் சரித்திரம்

கூட்டு வியாபாரம் நம் குலத்தவர்க்குப் புதிதன்று. தமையனும் தம்பியும், மாமனும் மருமகனும் ஒரே கடையில் முதல் போட்டுத் தொழில் நடத்துவதை நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகிறோம். கூடுங்கால் நல்ல நாள் பார்த்துக் கூடுகிறோம். பிரிய நேர்ந்தால் எவ்வாறு பிரிவதென்று முன்னதாகச் சிந்திப்பதில்லை. அதனால் கடையும் கெட்டு, உறவும் கெட்ட குடும்பங்களை நம்மிற் பலர் அறிவோம். ஆதலின், அமெரிக்க தேசத்தில் எண்ணெய் வியாபாரத்தாற் பெருஞ்செல்வரான ஜான் ராக்பெல்லரின் சரித்திரத்தில் இவ்விஷயம் பற்றிய பகுதியை மட்டும் இங்கே எழுதப் புகுந்தோம்.

இவர் 1839-ம் வருஷம் நியூயார்க் மாகாணத்து ரிச்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். பதினாறாம் வயதில் கிளீவ்லாந்து நகரத்து மண்டியொன்றில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தார். 1859-ல், தம்மினும் மூத்தவரான மாரிஸ் கிளார்க் என்பவருடன் கூடித் தானியம் முதலியவற்றைத் தரகுக்கு விற்கும் வியாபாரம் தொடங்கினார். ஆளுக்கு இரண்டாயிரம் டாலர் முதல். தம் பங்கில் ஆயிரம் டாலரை இவர் தந்தையிடமே நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடனாகப் பெற்றார்.

1863-ல், மண்ணெண்ணெய் சுத்திசெய்யும் தொழிலில் வல்லவரான சாமுவேல் ஆண்ட்ரூஸும் கிளார்க்கின் சகோதரர் இருவரும் சேர, ஐவர் கூட்டாக ஓர் எண்ணெய்ச் சாலை ஏற்பட்டது. விரைவில் அபிப்பிராய பேதமும் ஏற்பட்டது. கடன் வாங்கியேனும் தொழிலைப் பெருக்க வேண்டுமென்பது ராக்பெல்லரின் எண்ணம். கிளார்க் சகோதரர்கள் கடனுக்கு அஞ்சினர். வாதம் முற்றும்போதெல்லாம் கூட்டைக் கலைத்து விடுவதாக அவர்கள் பயமுறுத்துவது வழக்கமாயிற்று.

ராக்பெல்லர் எதிர்த்துப் பேசவில்லை. ஆண்ட்ரூஸைத் தம் பக்கம் சேர்த்துக் கொண்டார்; பாங்கிக்காரரிடம் பணத்துக்கு வழி செய்து கொண்டார். அடுத்த முறை கலைக்கும் பேச்சு எழுந்தவுடன் சம்மதித்து, கூட்டுக் கலைந்ததெனப் பத்திரிகையில் விளம்பரமும் செய்துவிட்டார். கிளார்க் சகோதரர்கள் திகைத்துப் போயினர். சாலையைத் தங்களுக்குள்ளேயே ஏலம் விடுவதென்றும், அதிகம் கேட்பவர்க்கே அது சொந்தமென்றும் முடிவாயிற்று. 1865-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 2-ந் தேதி நடந்த அவ்வேலம் ஐந்நூறு டாலரில் தொடங்கி ஏறிக்கொண்டே போயிற்று. கிளார்க் 72,000 டாலர் கேட்டார்; ராக்பெல்லர் 72,500 என்றார். கிளார்க் அத்துடன் நிறுத்திக் கொண்டார். தரகு வியாபாரத்தில் தமக்கிருந்த பங்கையும் ராக்பெல்லர் அவருக்கே விட்டுக் கொடுத்தார். அப்போது இவருக்கு வயது இருபத்தைந்து.

பின்னர் 1870-ல் பத்து லக்ஷம் டாலர் மூலதனத்துடன் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி ஏற்பட்டது. இப்போது மனஸ்தாபம் கொண்டவர் ஆண்ட்ரூஸ். லாபத்தை மேலும் மேலும் தொழிலிலேயே போடுவதை அவர் விரும்பவில்லை, விலகுவதாகச் சொன்னார். விலையை அவரே குறிக்கும்படி ராக்பெல்லர் கேட்க, பத்து லக்ஷம் டாலர் என்றார். பேரமின்றி உடனே பணம் வந்து சேர்ந்தது. அப்பங்குகளை ராக்பெல்லர் பின்பு மூன்று லக்ஷம் அதிகத்துக்கு விற்றதை அறிந்து, தாம் வஞ்சிக்கப்பட்டதாக ஆண்ட்ரூஸ் குறை கூறினார். விற்ற விலைக்கே திரும்பத் தருவதாக ராக்பெல்லர் சொல்லியனுப்பியும் ஏற்கவில்லை. அப்பங்குகளின் மதிப்போ பிற்காலத்திற் பன்மடங்கு உயர்ந்தது. ஆண்ட்ரூஸ் 1904-ல் மனக்கசப்பு நீங்காமலே காலஞ்சென்றார்.

ராக்பெல்லரை எல்லாவற்றிலும் பின்பற்றுமாறு நாம் சொல்ல வரவில்லை. ரயில் கம்பெனிகளிடம் இரகசியமாகக் கட்டணச் சலுகை பெற்றுச் சிறு வியாபாரிகளை நசுக்கினாரென்ற பழி அவருக்குண்டு. 1911-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் கம்பெனியைப் பிரித்துவிடத் தீர்ப்பளித்தது. கிளார்க்குக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து கொண்டதையும் நாம் மெச்சவில்லை. ஒரே இலையில் உண்ணும் உறவினரிடையே அம்மறைவு ஆறாப் புண்ணாகும்.

எனினும் நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு. இரு முறையும் விலை ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கப்பட்டது. ஒரு முறை இரு திறத்தாரும் எதிரெதிரே அமர்ந்து கேட்டனர். மறு முறை விலகுபவரே சொன்னார். பணம் தாமதமின்றிக் கொடுக்கப்பட்டது. தொழில் ஒரு நாளும் நிற்கவில்லை. விலகுபவர்க்கும் இதிற் பாடமுண்டு: கோபத்திற் சொன்ன விலையைப் பின்பு மாற்ற முடியாது.

ராக்பெல்லர் 1937-ல் தமது தொண்ணூற்றேழாம் வயதிற் காலமானார். நம் குடும்பத்தார் கூட்டுப் பத்திரம் எழுதும் அன்றே, பங்கை எவ்வாறு மதிப்பிடுவது, எத்தனை நாளிற் பணம் கொடுப்பது, கடை எவரிடம் நிற்பது என்னும் மூன்றையும் அதில் எழுதி வைப்பார்களாக. மனம் ஒத்திருக்கும்போது இவற்றைப் பேசுதல் அபசகுனமன்று. மனம் கசந்தபின் பேசுவதே பெருந்துன்பம். கணக்கு நேராகத் தீர்ந்தால், பிரிந்தவரும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து முன்னிற்பர்.