மணியை ஒலிக்கச் செய்த அலைகள்

ஜார்ஜ்டவுனில் இன்று பல வீடுகளில் திருட்டு எச்சரிக்கைக் கருவி உண்டு. சில வேளைகளில், யாரும் நுழையாமலேயே அதன் மணி ஒலித்துவிடும். தரம் குறைந்த எல்.இ.டி. விளக்கின் மின்சுற்றிலிருந்து கசியும் மின்காந்த அலைகளும் அதற்குக் காரணமாகலாம். வேண்டாத அலைகள் கருவியை ஏமாற்றும் இச்சிக்கலை நூறாண்டுக்கு முன்பே எதிர்கொண்டவர், இந்திய அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் பிறந்தார். தாய்மொழிப் பள்ளியில் தொடங்கிய அவரது கல்வி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை தொடர்ந்தது. 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஆங்கிலேய ஆசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு வழங்கப்பட்டது. அதை ஏற்க மறுத்த போஸ், மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலே பாடம் நடத்தினார். இறுதியில், முழு ஊதியமும் நிலுவையோடு அவருக்குக் கிடைத்தது.

அக்கல்லூரியில் ஆய்வுக்கூட வசதி இல்லை. சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகர வேலையாளின் உதவியுடன் போஸ் தம் கருவிகளை உருவாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் அனுப்பிய அலைகள், சுவர்களைக் கடந்து சென்று 75 அடி தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன. இடையில் கம்பி எதுவும் இல்லை.

இத்தகைய ஆய்வில் ஓர் இடர் இருந்தது. அலைகளை உணரும் கருவி மிகவும் நுட்பமானது. மின்சுருளிலிருந்து கசியும் வேண்டாத அலைகூட அதை இயக்கிவிடும். அவ்வாறு நேர்ந்தால் ஆய்வின் முடிவே பிழையாகிவிடும். ஆகவே, போஸ் மின்சுருளையும் மின்கலத்தையும் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அலைகள் ஒரு குழாயின் வழியாக மட்டுமே வெளியேறின. உணர்கருவியின் கம்பிகளையும் மெல்லிய உலோகத் தாளால் சுற்றிப் பாதுகாத்தார். தொடர்ந்து பொறி எழுப்பாமல், விசையை அழுத்தும்போது ஒரே ஒரு பொறி மட்டும் எழச் செய்தார். 1897இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை அறிஞர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்.

தம் கண்டுபிடிப்புகளால் பொருள் ஈட்டப் போஸ் விரும்பவில்லை. பின்னர்த் தாவரங்களை ஆராய்ந்தார். 1917இல் கல்கத்தாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

இன்றும் மின்னணுக் கருவிகளின் நுண்ணிய பகுதிகள் உலோக உறைக்குள் பாதுகாக்கப்படுகின்றன. சிறிய அறையில் போஸ் கையாண்ட அதே முறை, இன்று நம் வீடுகளிலும் பயன்படுகிறது.