காப்பியில் பாஷாணம்! விஷத்தைக் காட்டிக் கொடுத்த ஜேம்ஸ் மார்ஷ்

இங்கிலாந்தில் பிளம்ஸ்டெட் என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் போடில் என்ற கிழவர் இருந்தார். வயது 80. சொத்து உள்ளவர். 1830-களின் தொடக்கத்தில் ஒருநாள் காலை, அவர் காப்பி குடித்தார். வயிறு எரிந்தது. வாந்தி எடுத்தார். சில நாளில் மாண்டு போனார்.

பேரன் ஜான் போடில் மீது சந்தேகம் எழுந்தது. போலீசார் அவனைக் கைது செய்தார்கள். காப்பியைச் சோதிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் மார்ஷிடம் வந்தது.

வாரக்கூலி வாங்கிய மேதை

மார்ஷ் 1794-ல் பிறந்தவர். ஊல்விச் நகரில் அரசாங்க ஆயுதச் சாலையில் ரசாயன நிபுணர். புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் பாரடேக்கும் உதவியாளராக இருந்தார். ஆனால் சம்பளமோ வாரத்துக்கு 30 ஷில்லிங்தான்!

மார்ஷ் காப்பியைச் சோதித்தார். மஞ்சள் நிறப் படிவு உண்டாயிற்று. அது பாஷாணம் இருப்பதற்கு அடையாளம். ஆனால் கோர்ட்டில் காட்டுவதற்குள் அந்தப் படிவு கெட்டுவிட்டது. ஜூரர்கள் நம்பவில்லை. பேரன் விடுதலை ஆனான். பின்னாளில் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

கண் முன்னே தெரிய வேண்டும்!

மார்ஷின் மனம் கொதித்தது. வெள்ளைப் பாஷாணம் பார்ப்பதற்கு மாவு போல இருக்கும். மணம் இல்லை. ருசியும் இல்லை. தின்றவர்கள் காலரா வந்தவர்களைப் போலவே வாந்தி பேதியால் சாவார்கள். கொலையா, நோயா என்று யாருக்கும் தெரியாது. கொலைகாரன் தப்புவான், சில வேளை நிரபராதி மாட்டிக்கொள்வான்.

படிப்பில்லாத ஜூரரும் கண்ணால் கண்டு நம்பும்படி ஒரு சோதனை வேண்டும் என்று மார்ஷ் உழைத்தார். 1836-ல் வெற்றி கண்டார்.

வழி இதுதான். சந்தேகப்படும் பொருளைத் துத்தநாகத்தோடும் திராவகத்தோடும் சேர்ப்பார். அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். பாஷாணம் இருந்தால் அது அந்த வாயுவோடு கலந்து வரும். வாயுவைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டுவார். வீட்டில் கண்மை தயாரிக்க விளக்குச் சுடரில் தட்டைப் பிடித்தால் கரி படிகிறது அல்லவா? அதுபோல, பீங்கானில் கறுத்துப் பளபளக்கும் படலம் படியும். அது அழியாது, கோர்ட்டுக்குக் கொண்டு போகலாம். ஒரு மில்லிகிராமில் 50-ல் ஒரு பங்கு பாஷாணம் இருந்தாலும் தெரிந்துவிடும்!

1840-ல் பிரான்ஸ் நாட்டில் லபார்ஜ் என்ற பெண் மீது கணவனைக் கொன்றதாக வழக்கு நடந்தது. ஒர்பிலா என்ற நிபுணர் மார்ஷ் முறையால் பிணத்தில் பாஷாணம் இருப்பதைக் காட்டினார். அந்தப் பெண் தண்டனை பெற்றாள். மார்ஷின் பெயர் உலகெங்கும் பரவியது.

பெயர் வந்தது, பணம் வரவில்லை. 1846-ல் மார்ஷ் காலமானார். மனைவி மக்கள் வறுமையில் வாடினார்கள்.

சென்னைக்கு வந்த சோதனைக்கூடம்

மார்ஷ் இறந்த மூன்றாம் ஆண்டு, 1849-ல், சென்னையில் அரசாங்க ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதலாவது. அதன் வழிவந்ததே தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறை. இப்போது சேலத்திலும் வட்டார ஆய்வுக்கூடம் இருக்கிறது. அம்மாபேட்டையில் தறி ஓடும் ஒரு வீட்டில் சந்தேகச் சாவு நேர்ந்தாலும், ஆய்வுக்கூடச் சோதனை உண்மையைச் சொல்லும்.

சோதனையும் சுருங்கிக் கையடக்கமாகிவிட்டது. மார்ஷின் வாயுவை ரசம் கலந்த மருந்து தடவிய சிறு தாளில் பட வைத்தால், தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். வங்காளக் கிராமங்களில் கிணற்று நீரில் உள்ள பாஷாணத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள். கொலை நடந்த இடத்தில் கிடக்கும் கறை மனித ரத்தமா என்று சில நிமிடங்களில் கோடு காட்டும் பட்டைகளும் வந்துவிட்டன. ஆயினும் முடிவான தீர்ப்பை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும்.

ஒரு வழக்கில் தோற்றார் மார்ஷ். அந்தத் தோல்வியால் எத்தனையோ வழக்குகளில் உண்மை வென்றது.