தகரக் குழாய்க்குள் பாடிய கௌஹர் ஜான்

கல்கத்தா நகரம். 1902-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந் தேதி.

ஓட்டல் ஒன்றின் பெரிய அறை. சுவர் ஓரமாக ஒரு தகரக் குழாய் நீட்டிக்கொண்டு இருந்தது. எண்ணெய் ஊற்றும் புனல் போன்ற வடிவம். அகலமான வாய், பாடுகிறவரின் முகத்துக்கு நேரே. ஒடுங்கிய வால், ஓர் இயந்திரத்தின் மீது. இயந்திரத்தின் அருகே வெள்ளைக்காரர் ஒருவர் கண் இமைக்காமல் நின்றார்.

ஒரு பெண்மணி உள்ளே வந்தார். பட்டாடை சரசரத்தது. கழுத்திலும் காதிலும் நகைகள் மின்னின. கூடவே சாரங்கிக்காரர், தபேலாக்காரர்.

அவர்தான் கௌஹர் ஜான். வயது 29. கல்கத்தாவிலேயே பெரும் புகழ் பெற்ற பாடகி.

அன்று அவர் பாடியது எந்த ராஜாவின் சபையிலும் அல்ல. எதிரே தலை ஆட்டிக் கேட்க ஒருவரும் இல்லை. தகரக் குழாய்க்குள் பாடினார்!

தாயும் மகளும்

கௌஹர் ஜானின் முதல் பெயர் ஏஞ்சலினா. 1873-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, வடநாட்டில் ஆஜம்கர் என்ற ஊரில் பிறந்தாள். தகப்பனார் ராபர்ட் வில்லியம் யோவர்ட், ஆர்மீனிய வமிசத்தவர். பனிக்கட்டித் தொழிற்சாலையில் எஞ்சினீயராக வேலை பார்த்தார். தாயார் பெயர் விக்டோரியா.

குடும்பம் நிலைக்கவில்லை. 1879-ல் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். குழந்தைக்கு அப்போது ஆறு வயது.

தாயும் மகளும் காசிக்குப் போனார்கள். அங்கே இஸ்லாம் மதத்தைத் தழுவினார்கள். விக்டோரியா, மல்கா ஜான் ஆனார். ஏஞ்சலினா, கௌஹர் ஜான் ஆனாள். மல்கா ஜானுக்கு நல்ல குரல். கவிதையும் எழுதுவார். காசியிலேயே பெயர் எடுத்துவிட்டார்.

1883-ல் இருவரும் கல்கத்தாவுக்குக் குடி வந்தார்கள். அயோத்தி ராஜ்யத்தை வெள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா, அங்கேதான் சபை நடத்தி வந்தார். ராஜ்யம் போனாலும் அவருக்குச் சங்கீத ஆசை போகவில்லை. அந்தச் சபையில் மல்கா ஜானுக்கு இடம் கிடைத்தது. சிற்பூர் சாலையில் சொந்த வீடும் வாங்கினார்.

மகளுக்கு நல்ல வாத்தியார்களைத் தேடித் தேடி வைத்தார் தாயார். கதக் ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் பிந்தாதின் மகராஜ். அவருக்கு மேல் ஆள் கிடையாது. கயால், தும்ரி, துருபத், வங்காளிக் கீர்த்தனம் என்று எல்லாவற்றையும் கௌஹர் படித்தாள். பதினாலாவது வயதில் தர்பங்கா மகாராஜாவின் சபையில் அரங்கேறினாள்.

அதன் பிறகு சபை சபையாக அழைப்புகள் வந்தன. ஒரு மாலைக்கு 300 ரூபாய் வாங்கினார் என்று, பிற்காலத்தில் அந்த வெள்ளைக்காரரே எழுதி இருக்கிறார். ஒரு ரூபாய்க்கு மூட்டை தூக்கிய காலத்தில் 300 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள்!

பெட்டியைக் கண்டு பயம்

அந்த வெள்ளைக்காரர் பெயர் பிரெட் கெய்ஸ்பர்க். அமெரிக்கர். லண்டன் கிராமபோன் கம்பெனி அவரை இந்தியாவுக்கு அனுப்பி இருந்தது. கம்பெனிக்குக் கிராமபோன் பெட்டிகள் விற்க வேண்டும். இங்கிலீஷ் பாட்டுக்காக இந்தியாவில் எத்தனை பேர் பெட்டி வாங்குவார்கள்? இந்த நாட்டுப் பாட்டு வேண்டும். அதைப் பதிவு செய்யவே அவர் வந்தார்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் இத்தாலியில் மிலான் நகரில், கரூஸோ என்ற பாடகரின் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தவரும் இவர்தான். கரூஸோ, கெய்ஸ்பர்க், கௌஹர் மூவரும் பிறந்தது 1873-ம் ஆண்டில். இது தற்செயலாக அமைந்த வேடிக்கை!

ஆனால் கல்கத்தாவில் பெரிய உஸ்தாதுகள் முகம் கொடுக்கவில்லை. பெட்டி குரலை உறிஞ்சிவிடும் என்று சிலர் பயந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்த பாட்டு, கண்ட இடத்தில் ஒலிக்கலாமா என்று சிலர் கோபித்தார்கள். காலடியில் செருப்போடு உட்கார்ந்துகொண்டு எவனோ தோடி கேட்பான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

முன்வந்தவர்கள் பெண்கள். சபைகளில் பாடியும் ஆடியும் பிழைத்த பெண்கள். சமூகம் அவர்கள் பாட்டை ரசித்தது; அவர்களை மதிக்கவில்லை. இழக்கக் கௌரவம் இல்லை என்று ஊர் நினைத்தவர்களுக்குத்தான் புதிய இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்கத் துணிச்சல் வந்தது. தென்னாட்டிலும் இதே கதைதான். இங்கே ஆரம்ப காலத் தட்டுகளில் பாடியவர்களில் சேலம் கோதாவரி முக்கியமானவர்.

பெட்டி வேலை செய்த விதம்

அன்று மைக் கிடையாது. மின்சாரமும் கிடையாது. குரலின் சக்தி ஒன்றுதான்.

பாடுகிறவரின் குரல் குழாய்க்குள் போகும். குழாயின் முனையில் மெல்லிய தகடு. குரல் பட்டதும் தகடு அதிரும். அதிர்ச்சி, தகட்டோடு இணைந்த ஊசிக்குப் போகும். கீழே மெழுகுத் தட்டு சுழலும். ஊசி அந்த மெழுகில் கோடு கிழிக்கும். அந்தக் கோடுதான் பாட்டு!

கேட்க எளிதாக இருக்கிறது. பாடினவர் பாட்டை அவரைத்தான் கேட்க வேண்டும்.

மெல்லப் பாடினால் ஊசி அசையாது. உரக்கப் பாடினால் ஊசி துள்ளிவிடும். ஆகவே கீழ் சுருதிக்குக் குழாயின் அருகே நெருங்க வேண்டும். மேல் சுருதிக்குப் பின்னால் விலக வேண்டும். சாரங்கியின் கம்பி ஒலி குழாய்க்குள் போக அது கிட்டே இருக்க வேண்டும். தபேலாவின் அடி ஊசியைக் கெடுக்காமல் இருக்க அது எட்ட இருக்க வேண்டும். தலையைத் திருப்பக் கூடாது. இருமக் கூடாது. ஒரு தப்பு வந்தாலும் அந்த மெழுகுத் தட்டு வீண்.

தும்ரி பாடுகிறவர்கள் சபையில் உட்கார்ந்தபடியே கண்ணாலும் கையாலும் பொருள் சொல்வார்கள். பாதிப் பாட்டு கண்ணில் இருக்கும். தகரக் குழாய்க்குக் கண் ஏது? பிந்தாதின் மகராஜிடம் கற்ற அபிநயம் அத்தனையும் அந்த அறையில் பயன்படவில்லை. கோபம், கெஞ்சல், சிணுங்கல் எல்லாவற்றையும் குரல் ஒன்றிலேயே காட்ட வேண்டி இருந்தது. கௌஹர் காட்டினார்.

மூன்று நிமிடம்

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. நேரம்!

கயால் பாட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போகும். முதலில் ஆலாபனை. ராகம் சோம்பல் முறித்து எழுவது போல எழும். பிறகு நிதானமாகப் பாட்டு வரும். ரசிகர் ஆகா என்றால், அதே வரி பத்து விதமாகத் திரும்பி வரும்.

தட்டில் அதற்கு இடம் இல்லை. ஏழு அங்குலத் தட்டில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடம். அதற்குள் ராகமும் தெரிய வேண்டும். பாட்டும் முடிய வேண்டும். பாடகியின் திறமையும் விளங்க வேண்டும்.

கௌஹர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆலாபனையைச் சில விநாடிகளில் அடக்கினார். நேரே பல்லவிக்குப் போனார். தானங்களைப் பொறுக்கி எடுத்த நாலைந்தாகக் குறைத்தார். அவற்றை மின்னல் வேகத்தில் உதிர்த்தார். ஊசி தட்டின் நடுவை நெருங்கும்போது பாட்டு சரியாக முடிந்தது.

வீடு நிறையச் சாமான் வைத்திருந்தவர், ஊருக்குப் போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியில் வேண்டியதை மட்டும் அடுக்குவது போன்ற வேலை இது. எதை விடுவது என்று தெரிந்தவருக்குத்தான் அது வரும். பின்னால் தட்டில் பாட வந்தவர்கள் பலரும் இந்த வழியையே பிடித்துக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும் கௌஹர் இன்னொன்று செய்வார். தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். பலர் இது கர்வம் என்று நினைத்தார்கள். உண்மை அது அல்ல. மெழுகுத் தட்டுகள் கப்பல் ஏறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போயின. அங்கே இருந்தவர்களுக்கு இந்தியப் பாட்டும் தெரியாது, பெயரும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர்கள் அறியவே இந்த ஏற்பாடு.

அங்கே அரக்கில் அச்சடித்த தட்டுகள் 1903-ல் இந்தியாவுக்கு விற்பனைக்கு வந்தன. அந்த அரக்கும் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து போனதுதான்! 1908-ல்தான் கல்கத்தா சியால்டாவில் தட்டுத் தொழிற்சாலை வந்தது.

வீட்டுக்கு வீடு

தட்டுகள் விற்றன. கௌஹரின் பெயர் பரவியது. அவர் படம் தபால் கார்டில் வந்தது. ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டிகளிலும் அச்சாயிற்று.

ராஜா வீட்டு விருந்தில் பாடியவர், இப்போது மளிகைக் கடைக்காரர் வீட்டிலும் பாடினார். சபைக்குள் கால் வைக்க முடியாத வீட்டுப் பெண்கள் அடுக்களையில் இருந்து அவர் பாட்டைக் கேட்டார்கள். குருவுக்குப் பணிவிடை செய்ய வழி இல்லாத பிள்ளைகள், பெட்டிக்குச் சாவி கொடுத்துக் கொடுத்துப் பாடம் பண்ணினார்கள். உஸ்தாதுகள் பயந்தது நடந்துவிட்டது. வீட்டுச் சொத்தான பாட்டு ஊர்ச் சொத்து ஆனது.

1910-ல் கௌஹர் சென்னைக்கு வந்தார். விக்டோரியா பப்ளிக் ஹாலில் கச்சேரி செய்தார். அவர் பாடிய இந்துஸ்தானிப் பாட்டுகள் தமிழ்ச் சங்கீதப் புத்தகத்திலும் ஏறின. 1911 டிசம்பரில் டில்லி தர்பார் நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில், அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடினார்.

பத்து மொழிகளுக்கு மேல், சுமார் 600 தட்டுகள் பாடினார் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

நாலு குதிரை பூட்டிய வண்டியில் கவர்னர் போகிற வீதியில் போவாராம். அதற்கு அபராதம் கட்டிவிட்டு மறுநாளும் போவாராம். இது எவ்வளவு நிஜமோ! ஆனால் கல்கத்தாவில் ஆண்டுக் கணக்காகப் பேசிக்கொண்டார்கள்.

சரிவு

தட்டு பாடி வென்றவர், வீட்டில் தோற்றார்.

1906-ல் தாயார் மறைந்தார். பம்பாய் நாடக நடிகர் அமிருத் கேசவ் நாயக்கிடம் அன்பு வைத்திருந்தார். மறு ஆண்டு அவரும் திடீர் என்று இறந்துபோனார்.

சொத்துக்கு உரிமை கொண்டாடி ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். தாம்தான் மல்கா ஜானின் மகன் என்றார். கௌஹர் தம் பிறப்பையே நிரூபிக்க வேண்டி வந்தது. ஆறு வயதில் பிரிந்த தகப்பனாரைத் தேடிப் பிடித்தார். அவர் வந்து சாட்சி சொன்னார். வழக்கு ஜெயித்தது. அதோடு தொல்லை தீரவில்லை. பிறகு செய்துகொண்ட திருமணமும் கோர்ட்டில்தான் முடிந்தது. வீடும் பணமும் கரைந்தன.

காலமும் மாறியது. 1925-ல் மேல்நாட்டில் மின்சாரப் பதிவு வந்தது. தகரக் குழாய்க்குப் பதில் மைக். இனிமேல் தொண்டை கிழியப் பாட வேண்டாம். காதோடு பேசுவது போலப் பாடலாம். 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ நிலையங்கள் வந்தன. குழாயோடு மல்லுக்கட்டிப் பழகிய கௌஹருக்கு அப்போது வயது 54.

மைசூர் மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையார் அவருக்குக் கை கொடுத்தார். 1928 ஆகஸ்டு மாதம் கௌஹர் அரண்மனை வித்வாம்சினியாக நியமனம் பெற்றார். மாதம் 500 ரூபாய் சம்பளம். தங்க ஒரு பங்களா.

ஒன்றரை ஆண்டுகூட அங்கே அவர் வாழவில்லை. உடம்பு கெட்டது. மைசூர் கிருஷ்ணராஜேந்திரா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1930 ஜனவரி 17-ந் தேதி அங்கேயே காலமானார். பெற்றவரோ பிள்ளையோ பக்கத்தில் இல்லை.

அவரை அடக்கம் செய்த இடத்தைக் காட்ட இன்று மைசூரில் ஒரு கல்லும் இல்லை.