நிதியமைச்சர் இருக்கையில் ஒரு தமிழறிஞர்: ஆர்.கே. சண்முகம் செட்டியார்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் யார் என்று வினவினால் நம் மாணவர்களுள் பலர் விடையளிக்கத் தயங்குவர். அவர் தமிழர் என்பதையும், சிலப்பதிகாரத்திற்கு உரை வரைந்தவர் என்பதையும் அறிந்தோர் அதனினும் சிலரே. கோவையில் 1892ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் வாழ்வு, புகழ்மாலை சூட்டி முடித்துவிடத்தக்க எளிய வாழ்வன்று. ஆங்கிலேயர்க்குத் துணை நின்றவர் என்று ஒரு காலத்தில் தூற்றப்பட்டவரே விடுதலை நாட்டின் கருவூலப் பொறுப்பை ஏற்றார். ஏற்ற ஓராண்டிலேயே அதனைத் துறந்தார். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி அவரை அறிதல் அரிது.

பஞ்சாலைத் தொழிலில் ஈடுபட்ட செல்வக் குடும்பம் அவருடையது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். ஆயினும் வழக்குமன்றம் அவரை நெடுநாள் பிணிக்கவில்லை. கோவை நகராட்சித் துணைத்தலைவராகத் தொடங்கி, 1920இல் சென்னைச் சட்டமன்றத்திற்கும், பின்னர் தில்லி மத்திய சட்டப்பேரவைக்கும் சென்றார். அங்கே சுயராச்சியக் கட்சியின் கொறடாவாக விளங்கினார். 1933இல் அப்பேரவையின் தலைவரானார். பொருளியலை அவர் பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்து போதித்தவரல்லர். சுங்கவரி அட்டவணைகளிலும் குழு அறிக்கைகளிலும் ஆலைக் கணக்குகளிலும் அதனைக் கற்றவர். அவருடைய வலிமையும் குறையும் இப்பயிற்சியிலிருந்தே தோன்றின என்பது என் கருத்து.

1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு கூடியது. பேரரசுக்கு உட்பட்ட நாடுகள் ஒன்றன் பண்டங்களுக்கு மற்றொன்று வரிச்சலுகை அளித்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தியக் குழுவில் இடம்பெற்ற சண்முகம் செட்டியார், அங்கு உருவான உடன்படிக்கையைச் சட்டப்பேரவையிலும் ஆதரித்துப் பேசினார். உலகெங்கும் வாணிகம் சுருங்கிய மந்தக் காலத்தில், கிடைக்கும் சந்தையை விட்டுவிடலாகாது என்று அவர் கணக்கிட்டார். நாடோ அதனை அடிமை ஒப்பந்தமாகக் கண்டது. 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளரிடம் அவர் தோற்றார். பேரவைத் தலைவராக இருந்த ஒருவர் உறுப்பினர் இடத்தையும் இழந்தது எளிய தோல்வியன்று. கணக்கில் சரியாகத் தோன்றுவது மக்கள் மனத்திலும் சரியாகத் தோன்ற வேண்டும் என்பதில்லை.

அடுத்த ஆண்டே கொச்சி சமஸ்தானத்தின் திவானானார். 1941 வரை அப்பதவியில் இருந்தார். கொச்சி பெருந்துறைமுகமாக 1936இல் அறிவிக்கப்பட்டது அவர் காலத்தில்தான். எர்ணாகுளத்தின் கடலோரத்தில் சண்முகம் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியா வழங்கிய பண்டங்களுக்கும் பணிகளுக்கும் பிரிட்டன் தரவேண்டிய தொகை, இலண்டனில் ஸ்டெர்லிங் இருப்பாகக் குவிந்து கிடந்தது. வங்கப் பஞ்சத்தில் மக்கள் மடிந்த அதே ஆண்டுகளில் சேர்ந்த பணம் அது. அமெரிக்காவின் பிரெட்டன் உட்சில் 1944 சூலையில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டு நிதியத்தை உருவாக்கியபோது, சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராப் முதலியோருடன் சண்முகம் செட்டியாரும் இந்தியக் குழுவில் இருந்தார். அக்கடனில் ஒரு பகுதியேனும் நிதியத்தின் வழியே மாற்றத்தக்கதாக வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. பிரிட்டனும் அமெரிக்காவும் இசையவில்லை. நான்காண்டுகளுக்குப் பின், 1948இல், அதே கடனை மீட்கும் பேச்சுக்கு இலண்டன் சென்ற குழுவின் தலைவர் அவரே. ஒட்டாவாவுக்காக அவரைப் பழித்தோர் இதனையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

1947 ஆகஸ்டு 15இல் நேரு அமைத்த அமைச்சரவையில் காங்கிரசைச் சாராத சிலர் இடம்பெற்றனர்; அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி ஆகியோரோடு இவரும் ஒருவர். நவம்பர் 26இல் விடுதலை இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். ஏழரைத் திங்களுக்கு மட்டுமான கணக்கு அது. வரவு சுமார் 171 கோடி ரூபாய். செலவு சுமார் 197 கோடி. அதில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புக்கே சென்றது. எல்லையில் அகதிகள், நாட்டில் உணவுப் பஞ்சம். பற்றாக்குறையை ஓரளவு குறைக்கப் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி விதித்தார். பஞ்சாலை நகரிலிருந்து வந்தவர் தம் ஊர்த் தொழிலின்மீதே வரி விதித்தார் என்பது நினைத்தற்குரியது. பாகிஸ்தானுக்குரிய 55 கோடி ரூபாயை நிறுத்திவைத்ததும், காந்தியடிகளின் உண்ணாநோன்பையொட்டி அதனை விடுவித்ததும் அவர் பொறுப்பில் இருந்த 1948 சனவரியில்தான்.

ஓசூரில் வாழும் நாம் சிறப்பாக நினைக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. ஆலை தொடங்குவோர்க்கு நீண்டகாலக் கடன் வழங்க அந்நாளில் வங்கிகள் முன்வருவதில்லை. அக்குறையைத் தீர்க்க இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1948 சூலை முதல்நாள் தோன்றியது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு தனக்கென ஒரு தொழில் முதலீட்டுக் கழகம் கண்டது. 1971இல் சிப்காட் பிறந்து, கேழ்வரகும் கொள்ளும் விளைந்த இம்மேட்டுநிலத்தில் தொழிற்சாலைகளை எழுப்பியது. தொழில் வளர அரசு முதல் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு தில்லியில் சட்டமாகி, ஒரு தலைமுறை கழித்து நம் வாயிலை எட்டிற்று.

வீழ்ச்சி ஒரு பட்டியலால் வந்தது. போர்க்காலத்தில் வரி ஏய்த்தோரை ஆராய வருமானவரி விசாரணை ஆணையம் ஒன்று 1947இல் அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு அனுப்பப்பட்ட வழக்குகளுள் சில திரும்பப் பெறப்பட்டமை அவையில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்று 1948 ஆகஸ்டு 17இல் பதவி விலகினார். அன்று நாட்டின் தலைமை ஆளுநராக இருந்தவர், நம் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி. செட்டியார் தமக்கெனப் பொருள் தேடினார் என்று நான் கருதவில்லை. ஆனால் செல்வர்களின் பெயர்கள் ஒரு பட்டியலிலிருந்து நீங்கும்போது, அதனைக் காக்க வேண்டியவர் காணாதிருந்தார் என்பதும் சிறு குறையன்று. விலகியதால் அக்குறை மறைந்துவிடாது. விலகாதிருந்திருந்தால் அது பன்மடங்கு பெருகியிருக்கும்.

அதன்பின் தமிழ் அவரைத் தாங்கியது. இரசிகமணி டி.கே.சி.யின் நண்பர், தமிழிசை இயக்கத்தின் தூண்களுள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1952இல் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். 1953 மே மாதம் மறைந்தார். அவர் வெளியிட்ட சிலப்பதிகார உரை புகார்க் காண்டத்தின் பத்துப் பகுதிகளுக்கு உரியது. கடல்வாணிகத்தால் செழித்த நகரையும், பொருளை இழந்த வணிகன் மகனையும் வணிகர் குலத்து உரையாசிரியர் ஒருவர் விளக்குவதை நம் மாணவர்கள் படித்தல் வேண்டும். கோவலன் மதுரை எல்லையை மிதிக்கும் முன்பே அவ்வுரை நின்றுவிடுகிறது.