ஆறு புள்ளிகள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் இடம் கிடைத்தும், ஆங்கிலப் பாடம் புரியாமல் தவித்தவன். ஆகவே லூயி பிரெயிலின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது.

அவர் 1809-இல் பிரான்சின் கூப்வ்ரே சிற்றூரில், குதிரைச் சேணம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பாய்ந்து, ஐந்து வயதுக்குள் பார்வை இழந்தார். ஊர்ப் பள்ளி அவரைப் பிற பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டது. கேட்டே கற்றார்; தாமே படிக்க வழியில்லை. 1819-இல் பாரிசின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தவர், 1824-இல் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளி எழுத்தை வகுத்தார். 1852-இல் மறைந்தார். அப்பள்ளி அதனை முறையாக ஏற்றது 1854-இல்தான்.

சேர்த்துக்கொள்வது பாதி, படிக்க வழி செய்வது மீதி. ஓரிரவு விடுதியில் மின்சாரம் நின்றது. என் படிப்பும் நின்றது. பக்கத்துக் கட்டிலில் பார்வையற்ற நண்பரின் விரல்கள் புள்ளிகள்மேல் ஓடிக்கொண்டிருந்தன.